காது மறைந்தால் முட்டை!

சென்ற மார்கழியில் என் மாணவர்களைத் திருவக்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திண்டிவனத்தை அடுத்த அவ்வூரில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடப்பதை நேயர்கள் அறிவார்கள். "மரமே கல்லாகியிருக்கிறதே! முட்டையும் இட்டுப் பாலும் கொடுக்கிற பிராணி உண்டா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான்.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி முந்திக்கொண்டாள். "காது வெளியே தெரிஞ்சா குட்டி போடும், மறைஞ்சிருந்தா முட்டை போடும். அவ்வளவுதான், கண்ணு!" என்றாள்.

பையன்கள் நகைத்தார்கள். நான் அவர்களைக் கையமர்த்தி, ஆஸ்திரேலியாவின் கதையைச் சொன்னேன்.

அங்கே ஆற்றங்கரை வளைகளில் வாழும் பிளாட்டிபஸுக்கு உடலெங்கும் மென்மயிர். முகத்திலோ வாத்தின் அலகு! 1799-ல் அதன் தோலை ஆராய்ந்த ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய அறிஞர், யாரேனும் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்றுகூட ஐயுற்றார். அது முட்டையிடும் என்று அந்நாட்டுப் பழங்குடியினர் சிலர் கூறியதைப் பண்டிதர்கள் பலர் ஏற்கவில்லை. பாலூட்டி எங்ஙனம் முட்டையிடும் என்பதே அவர்களுடைய வாதம்.

1884-ல் கால்டுவெல் என்ற இளம் விஞ்ஞானி, பழங்குடியினரின் துணைகொண்டே உண்மையைக் கண்டு தந்தியடித்தார். அத்தந்தி மாண்ட்ரியல் நகரத்து விஞ்ஞான சபையில் வாசிக்கப்பட்ட செப்டம்பர் 2-ஆம் தேதியே, ஹாக்கே என்பவர் அடிலெய்டு நகரில் எக்கிட்னாவின் முட்டையைச் சபையோர்முன் காட்டினார். எக்கிட்னா என்பது எறும்பு தின்னும் முட்பிராணி.

எக்கிட்னா தன் வயிற்றுப் பையில் ஒரே முட்டையிடும். பிளாட்டிபஸ் பெரும்பாலும் 2 முட்டைகளை வளையில் இட்டு அடைகாக்கும். ஏறக்குறைய 10 நாளில் குஞ்சு வெளிவரும். தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குஞ்சு நக்கிக் குடிக்கும். ஆதிப் பாலூட்டிகளின் வழக்கம் இவ்வினத்தில் அழியாது நிற்கிறது. பால் கொடுப்பது முந்தி வந்தது. குட்டி ஈனுவது பிந்தி வந்தது.

"இரண்டுக்கும் காது மடல் வெளியே தெரியாது" என்று நான் முடித்ததும் மாணவர்களின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "ஆனால், திமிங்கிலத்திற்கும் காது மடல் இல்லை, அது குட்டியல்லவா ஈனுகிறது?" என்றும் கேட்டேன்.

வினவிய மாணவன் வேலியருகே ஓடி, "ஆயா, நீங்க சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனா திமிங்கிலம் காது தெரியாமலே குட்டி போடுதாம்!" என்றான்.

"அப்படியா? நான் ஆட்டையும் ஓணானையும்தான் பாத்திருக்கேன், கண்ணு. திமிங்கிலத்தை எங்கே கண்டேன்?" என்று அவள் சிரித்தாள். இம்முறை பையன்களும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.