எக்ஸ்-ரே எடுக்கும்போது தாலியைக் கழற்ற வேண்டுமா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். புகையில் நின்று செய்கிற வேலை. இருமல் வந்தால், "எல்லாம் மூட்டப் புகைதான்" என்று இருந்துவிடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அப்படி இருந்துவிடக் கூடாது. அது காசநோயாக இருக்கலாம். டாக்டரிடம் போனால் சளியைச் சோதிப்பார். மார்பை எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார்.

அங்கேதான் பெண்களுக்குச் சங்கடம் வருகிறது.

"தாலியைக் கழற்றுங்கள் அம்மா" என்கிறார் படம் எடுப்பவர்.

கணவன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுவதா? சிலர் அழுதுவிடுகிறார்கள். சிலர் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எக்ஸ்-ரேயிடம் சேலை எதை மறைக்கும்?

முதல் மோதிரம்

எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராண்ட்ஜன். 1895-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகள் தெரிந்தன. கூடவே, விரலில் கிடந்த மோதிரமும் எலும்பைவிட அழுத்தமாக விழுந்திருந்தது!

இந்தக் கதிர் சதையைத் தாண்டிப் போகும். எலும்பு பாதியைத் தடுக்கும். தங்கம் ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும். தாலி கிடக்கிற இடத்தில் படத்தில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். அதற்குப் பின்னால் நோய் இருந்தால் டாக்டர் கண்ணுக்குத் தெரியாது.

தாயத்து, ஊக்கு, சங்கிலி எல்லாம் இப்படித்தான்.

சடைகூட ஏமாற்றும்! பின்னிய சடை தோள் மேல் கிடந்தால், நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் விழும். காசநோய் பெரும்பாலும் பிடிப்பதும் அந்த மேற்பகுதியைத்தான். இல்லாத நோய் இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே சடையைத் தூக்கி உச்சியில் முடிந்துகொள்ள வேண்டும்.

என்ன வழி?

ஆபரேஷனுக்குப் போகும் பெண்கள் செய்கிற வழி ஒன்று உண்டு. முதலில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். பிறகுதான் தாலியைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நிமிஷமும் வெறுமையாக இராது. வெறும் நூல் படத்தைக் கெடுக்காது. கழற்றிய தாலியை மேஜையில் வைக்காமல், கூட வந்தவர் கையில் கொடுப்பது நல்லது.

கால் எலும்பு முறிந்தவர் தாலியைத் தொடவே வேண்டாம். படம் எடுக்கிற இடத்தில் உலோகம் இல்லாமல் இருந்தால் போதும்.

எக்ஸ்-ரே வலிக்காது. "மூச்சை இழுத்துப் பிடி" என்றால் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் படம் கலங்கிவிடும். மறுபடி எடுக்க நேரிடும். கதிர் உடம்பில் தங்குவதும் இல்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நம் மேல் படுகிற அளவுதான் ஒரு மார்புப் படத்துக்கு ஆகிறது.

ஆனால் வயிற்றில் குழந்தை இருந்தால், நாள் தள்ளிப்போயிருந்தாலும், படம் எடுக்குமுன் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்கே இன்னும் சொல்லாத சேதியாக இருக்கலாம். எக்ஸ்-ரே எடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும். அவசியமானால் வயிற்றை மறைத்து எடுப்பார்கள். இல்லாவிட்டால் தள்ளிப் போடுவார்கள்.

பழைய படம் இருந்தால் அதையும் எடுத்துப் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், திட்டு புதிதா, பழைய வடுவா என்று டாக்டருக்குத் தெரியும்.