வேலை பார்த்தவர் முதலீட்டாளரான கதை

வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரர்கள் பலர், "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, எதில் போடலாம்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இம்மாதம் ராம் ஸ்ரீராம் என்பவரைப் பற்றி எழுதுகிறோம். கூகுள் நிறுவனத்தில் தொடக்கத்திலேயே பணம் போட்ட ஒருசிலரில் ஒருவர். இன்று பெரும் கோடீஸ்வரர்.

சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அமெரிக்காவில் 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் சேர்ந்தபோது அது ஒரு பொருளைக்கூட விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. பிறகு, பல கடைகளின் விலைகளை இணையத்தில் ஒப்பிட்டுக் காட்டும் ஜங்லீ கம்பெனிக்குத் தலைவரானார். 1998இல் அமேசான் அதை வாங்கியதும் அங்கே துணைத் தலைவர். இத்தனைக்கும் பிறகு 2000இல்தான் ஷெர்பலோ என்ற சொந்த முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் 1998. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் இருவர் தாங்கள் செய்த தேடுபொறியைக் காட்டியபோது அவர் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடவில்லை. ஏற்கெனவே அந்தத் தொழிலில் உள்ள கம்பெனிகளிடம் விற்றுப் பாருங்கள் என்றார். யாரும் வாங்கவில்லை. அதன்பிறகே பணம் போட்டார். இயக்குநர் குழுவிலும் அமர்ந்து வழி சொன்னார். இணைய வணிகம் அவர் சம்பளத்துக்கு உழைத்துக் கற்ற தொழில் அல்லவா!

கூகுள் பங்கு 85 டாலர் விலையில் பொதுமக்களுக்கு வந்தது 2004இல். நடுவில் ஆறு ஆண்டுகள். மாதம் இவ்வளவு தருகிறோம் என்ற பேச்சே அதில் இல்லை. கம்பெனி மூழ்கியிருந்தால் அவர் பணமும் மூழ்கியிருக்கும். இப்படிப்பட்ட புதுக் கம்பெனிகளில் மூழ்கியவையே அதிகம்.

மார்க்கம் அனுமதிக்கும் முஷாரகா கூட்டு வணிகத்திலும் இலாபத்தைப் பேசியபடி பங்கிடலாம். நட்டம் அவரவர் போட்ட முதலின் அளவுக்கு வரும். ஆனால் நம் தெருக்களில் "இலட்சத்துக்கு மாதம் மூவாயிரம், முதலுக்கு மோசமில்லை" என்று ஹலால் பெயரில் கேட்டு வருகிறார்கள். அது பங்கு அல்ல, வட்டிதான். முதலும் திரும்பாமல் மகளின் திருமணத்தைத் தள்ளிவைத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

யாராவது அப்படிக் கேட்டு வந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் நகலை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வெள்ளிதோறும் அஸருக்குப் பின் வழக்கறிஞர் ஒருவர் இருப்பார், கட்டணம் இல்லை.