பெரியப்பாவின் போன் நம்பரும் யூ.டி.டி.ஐ.யும்

சிவகாசியில் என் பெரியப்பா சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். தினசரி காலண்டர்தான் முக்கிய வேலை. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது ஊர் வழக்கம். அன்றிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கும். சென்ற ஆண்டு அவருக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. அவர் போன் நம்பரை மாற்றியிருந்தார்; ஆனால் மூன்று வணிக டைரக்டரிகளில் பழைய நம்பரே இருந்தது. "ஏப்பா, ஒரு நம்பர மாத்த எத்தனை பேருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்.

இதற்கு 2000-ம் ஆண்டிலேயே ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் யூ.டி.டி.ஐ.

யூ.டி.டி.ஐ. என்றால் என்ன?

ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், அரிபா நிறுவனங்கள் 2000 செப்டம்பரில் இதை அறிவித்தன. பின்னர் ஓயாசிஸ் அமைப்பு இதை ஏற்று ஸ்டாண்டர்டாக வெளியிட்டது. இதுவும் ஒரு டெலிபோன் டைரக்டரிதான். ஆனால் இதைப் படிப்பது இன்னொரு புரோகிராம். வெள்ளைப் பக்கத்தில் பெயர், முகவரி, போன் இருக்கும். மஞ்சள் பக்கத்தில் என்ன தொழில் என்பது இருக்கும். பச்சைப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சர்வரை எந்த முகவரியில், எப்படித் தொடர்புகொள்வது என்பது இருக்கும். ஓர் இடத்தில் திருத்தினால் போதும். அதைப் படிக்கும் டைரக்டரிகள் எல்லாம் புதிய நம்பரை எடுத்துக்கொள்ளும்.

செய்து பார்த்தேன்

எங்கள் பகுதி வணிகர்களுக்காக ஒரு சிறிய டைரக்டரி தளம் எழுதியிருந்தேன். அதை ஜே.யூ.டி.டி.ஐ. என்ற இலவச ஜாவா சாப்ட்வேருடன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இணைத்தேன். தினமும் இரவு என் புரோகிராம் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஒரு டோக்கன் வாங்கும். பிறகு டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு கடையையும் ரிஜிஸ்ட்ரியில் சேமிக்கும்.

மூன்றாம் நாள் பார்த்தால் பெரியப்பாவின் அச்சகம் மூன்று முறை இருந்தது! புதிதாகச் சேமிக்கும்போது ரிஜிஸ்ட்ரி ஒரு கீ தரும். அதை நம் டேபிளில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதோடு அனுப்ப வேண்டும். கீ இல்லாமல் அனுப்பினால் புதிய நிறுவனம் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்யும்போது இதை மறக்காதீர்கள்.

தொழில் வகைக்கு ஜி.எஸ்.டி. பில்லில் வரும் எச்.எஸ்.என். எண்களையே வைத்தேன். காலண்டருக்கு 4910, பட்டாசுக்கு 3604, தீப்பெட்டிக்கு 3605. அச்சகங்களுக்கு ஆர்டர் பெறும் சர்வீஸையும் சேர்த்தேன். பட்டாசுக் கடைகளுக்குச் சேர்க்கவில்லை. இணையதளங்கள் வழியே பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை விதித்ததே காரணம்.

ஏன் நிலைக்கவில்லை?

ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், எஸ்.ஏ.பி. ஆகியவை நடத்திய உலகப் பொது ரிஜிஸ்ட்ரி 2006 ஜனவரியில் மூடப்பட்டது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பதிந்தது உண்மையா என்று பார்க்க ஆளில்லை. பயன்படாத பதிவுகள் குவிந்தன. முன்பின் தெரியாத நிறுவனத்தை ஒரு புரோகிராம் தேடிப் பிடித்து வியாபாரம் பேச, முதலாளிகளும் துணியவில்லை.

இந்தியாவில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஓ.என்.டி.சி.யிலும் ஒரு ரிஜிஸ்ட்ரி உண்டு. அதில் தனித்தனிக் கடைகள் இருக்காது; நெட்வொர்க்கில் சேர்ந்த செயலிகளே இருக்கும். அவற்றின் டொமைன் பெயரும் டிஜிட்டல் கீயும் சரிபார்க்கப்படும். இது நல்ல முன்னேற்றம். ஆனால் கடையின் போன் நம்பர் சரியா என்பதை டிஜிட்டல் கீ சொல்லாது.

அதனால் என் டேபிளில் ஒரு காலம் கூட்டியிருக்கிறேன்: 'கடைசியாகப் பேசிப் பார்த்த தேதி'. ஓராண்டு தாண்டிய பதிவுகளை புரோகிராம் ரிஜிஸ்ட்ரிக்கு அனுப்பாது. ஆடிக்கு முன்பே, ஆனி மாதத்தில் எல்லா நம்பருக்கும் போன் செய்துவிடுகிறேன். இந்த ஆண்டு முதல் போன் பெரியப்பாவுக்கு. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.