வீடு உங்களுடையது, தரை யாருடையது? – அமெரிக்கக் குட்டி வீட்டுக் குடியிருப்புகள்

மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் முதல் வருட மனை வாடகையில் தள்ளுபடி என்ற குட்டி வீட்டுக் குடியிருப்பு விளம்பரம் ஒன்று அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கரை, மர வீடு, அக்கம்பக்கத்தில் ஒத்த மனதுள்ளவர்கள். கெடு நெருங்க நெருங்க எங்களுக்குக் கடிதங்கள் கூடின. டல்லஸில் அடுக்ககத்துக்கு வாடகை கொடுத்து மாளாத ஒரு வாசகர், வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் சொல்லச் சொல்கிறார். கோவையிலிருந்து ஒரு அம்மா, "என் மகன் வாங்கப்போவது வீடா, வண்டியா? அவனுக்கே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தொழிற்சாலையில் கட்டி, நிரந்தர இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து இழுத்துவரும் வீடுகளுக்கு அமெரிக்காவில் 1976 ஜூன் முதல் மத்திய அரசின் தனிக் கட்டுமான விதிகள் உண்டு. 320 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ளவை இந்த விதிகளுக்குள் வரும். ஆனால் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் நிற்கிற, 400 சதுர அடிக்கு மிகாத, பொழுதுபோக்குக்கான வண்டி என்றால் விலக்கு. 400 சதுர அடி என்பது நம் கொத்தனார் கணக்கில் நாலு சதுரம். ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. விற்பனைக்கு வரும் குட்டி வீடுகளில் 399 சதுர அடி என்று அடிக்கடி பார்ப்பது தற்செயலல்ல.

2018 நவம்பரில் மத்திய வீட்டுவசதித் துறை இந்த விலக்கைத் திருத்தி எழுதியது. பொழுதுபோக்குக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது, முதன்மை இல்லமாகவோ நிரந்தரக் குடியிருப்பாகவோ அல்ல என்றால்தான் விலக்கு. குடியிருப்புகளில் அதிகம் நிற்கும் 'பார்க் மாடல்' வகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. இந்த வாசகத்தை ஓர் அறிவிப்பாக எழுதி, முதல் விற்பனை முடியும்வரை சமையலறையில் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். விற்ற பிறகு எடுத்துவிடலாம். அதாவது, இது குடியிருக்கக் கட்டியதல்ல என்று அடுப்படியில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "இனி இதுதான் உங்கள் சொந்த வீடு" என்று விற்பனையாளர் சொல்லலாம். விளம்பரப் படங்களில் அந்தத் தாளை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதன் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. தயாரிப்பாளருக்கு மத்திய விதியின் செலவும் சோதனையும் மிச்சம். வாங்கியவர் அதில் எப்படி வசிக்கிறார் என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை, அது உள்ளூர் நிர்வாகத்தின் பாடு என்கிறது மத்தியத் துறை. உள்ளூர் நிர்வாகமோ, பொழுதுபோக்கு வண்டியில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று பல ஊர்களில் விதி வைத்திருக்கிறது. எல்லோரும் சட்டப்படி சரி, குடியிருப்பவரைத் தவிர. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படுக்க இடம், சமைக்க வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் அதே வண்டியை வருமான வரித்துறை 'வீடு' என்று ஏற்றுக்கொள்கிறது. அதை வாங்க, அதையே ஈடு வைத்து எடுத்த கடனின் வட்டிக்குக் கழிவு கேட்கலாம். ஒரே அரசு, ஒரே பொருள், இரண்டு பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. கலிபோர்னியாவில், முன்பு சொன்ன தொழிற்சாலை வீடுகள் நிற்கும் பழைய மொபைல் ஹோம் பூங்காக்களில் இருப்பவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட காரணங்கள் இருந்தாலொழிய கிளப்ப முடியாது. பொழுதுபோக்கு வண்டிப் பூங்காவுக்கு வேறு சட்டம். அங்கே ஒன்பது மாதம் இருந்த பிறகுதான் நீங்கள் 'குடியிருப்பவர்' ஆகிறீர்கள். காரணம் காட்டாமல் வெளியேற்ற முடியாது என்ற உரிமை அப்போதுதான் வருகிறது. ஆகவே ஆண்டில் சில வாரம் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றோ, ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் என்றோ ஒரு வரி இருந்தால், புல் வெட்டும் விதிகளைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த வரியைப் படியுங்கள். எந்த மாநிலமானாலும், ஒப்பந்தத்தில் உங்களை 'விருந்தினர்' என்று எழுதியிருக்கிறார்களா, 'வாடகைதாரர்' என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி தரை விவகாரம். பெரும்பாலான குட்டி வீட்டுக் குடியிருப்புகளில் வீடு உங்களுடையது, மனை நிறுவனத்துடையது. மாதாமாதம் மனை வாடகை. கோயில் மனையில் சொந்தக் காசில் வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை கட்டும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர் நம்முடையது, விற்கப்போனால் மனைக்காரர் தயவு வேண்டும். ஆனாலும் நம் ஊரில் 1921-லேயே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்து, மனையில் கட்டடம் கட்டியவர் அந்த மனையை விலைக்குக் கேட்கவும் வழி வைத்தது. கோயில் நிலங்களை 1996-ல் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அமெரிக்கப் பூங்காவில் மனை வாடகைக்கு நீங்கள் கையெழுத்துப் போடும்போது அப்படி ஒரு உரிமை தானாகச் சேர்ந்து வருவதில்லை.

வாடகையை ஏற்றினால் வீட்டை இழுத்துக்கொண்டு போய்விடலாமே, சக்கரம்தான் இருக்கிறதே? விற்பவர்களின் பிரியமான பதில் இது. சாலையில் தனி அனுமதி இல்லாமல் இழுக்க எட்டரை அடி அகலத்துக்குள் இருக்க வேண்டும். பார்க் மாடல்கள் பெரும்பாலும் பன்னிரண்டு அடி. அனுமதி, லாரி, புதிய இடத்தில் தண்ணீர், சாக்கடை, மின் இணைப்பு என்று ஆயிரக்கணக்கான டாலர் போகும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் பழைய வீட்டை எந்தப் பூங்கா ஏற்கும்? இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வேண்டாம் என்று பல பூங்காக்கள் கதவை மூடிவிடும். நகராத சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவரிடம் வாடகையை ஏற்றுவது எளிது. மொபைல் ஹோம் பூங்காக்களை முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிக் குவித்ததன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித்தில் 1984-ல் ஒரு பூங்காவின் குடியிருப்பாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் வாங்கி, நிலத்தையே வாங்கிவிட்டார்கள். அந்த வழி பரவி, 2008-ல் ஆர்ஓசி யுஎஸ்ஏ என்ற அமைப்பு தேசிய அளவில் உருவானது. இன்று இப்படிக் குடியிருப்போருக்கே சொந்தமான பூங்காக்கள் முந்நூறுக்கு மேல். மனை வாடகையை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஏரிக்கரைப் படங்கள் இவற்றில் குறைவு. பெரும்பாலும் பழைய மொபைல் ஹோம்கள்தான். இடம் தேடுபவர் முதலில் இவற்றைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

அரசாங்கங்களின் 'குட்டி வீட்டுக்கு நட்பான ஊர்' என்ற பட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். டெக்சாஸின் ஸ்பர் என்ற சிற்றூர் 2014-ல் நாட்டிலேயே முதல் குட்டி வீட்டு ஊர் என்று அறிவித்துக்கொண்டது. மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்த ஊர், ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வந்தவர்களிடம் பிறகு அஸ்திவாரம் போடு, சக்கரத்தைக் கழற்று, ஊர்க் குழாயில் இணை என்றார்கள். கேட்டதில் தவறில்லை, ஆனால் சக்கரத்தோடு வந்தவர்கள் எதிர்பார்த்தது அதுவல்ல. 2018-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதித்தொகுப்பில் 400 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்காகச் சேர்த்த பின்னிணைப்பையும் விளம்பரங்கள் மேற்கோள் காட்டுகின்றன. அது அஸ்திவாரத்தில் நிற்கும் வீடுகளுக்கானது. அதுவும் மாநிலமோ ஊரோ ஏற்றுக்கொண்டால்தான்.

நிஜமாகவே மாறிய இடங்களும் உண்டு. ஓரிகனின் போர்ட்லாந்து நகரம் 2021-ல் வீட்டு மனைகளில் சக்கர வீட்டில் குடியிருக்க அனுமதித்தது. மெய்ன், கொலராடோ மாநிலங்கள் 2022-ல் சட்டம் போட்டு, குட்டி வீட்டை நிரந்தரக் குடியிருப்பாகவே எண்ணத் தொடங்கின. அதனால் தேட வேண்டிய வரிசை இதுதான்: முதலில் மாநிலம், பிறகு கவுண்டியின் நில வகைப்பாடு, பிறகு பூங்கா, கடைசியில் வீடு. வீட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்கு இடம் தேடுகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

மற்ற கேள்விகள்:

வீட்டுக் கடன் கிடைக்குமா? பெரும்பாலும் வண்டிக் கடன்தான். வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு.

எச்-1பி விசாவில் வாங்கலாமா? விசா தடுக்காது, ஆனால் வேலை போனால் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். மனை ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன அபராதம் என்று முதலில் கேளுங்கள்.

விலை ஏறுமா? நிலத்துக்கு ஏறும், அது உங்களுடையதல்ல.

ஆஸ்டினின் கம்யூனிட்டி ஃபர்ஸ்ட் கிராமத்தில் இடம் உண்டா? அது நெடுங்காலம் தெருவில் வாழ்ந்தவர்களுக்கானது.

டெட்ராய்ட்டில் ஏழு வருடம் வாடகை கட்டினால் வீடே சொந்தமாமே? உண்மை, காஸ் சமூக சேவை அமைப்பின் திட்டம். வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கலாமா? விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று பூங்கா விதியில் இருக்கும். மேல்தட்டுப் படுக்கைக்கு ஏணி என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கட்டலாமா? திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கும்வரை வேண்டாம். சலுகை அடுத்த மாதமும் வரும்.