இரத்த அழுத்தமும் பாரிசவாயுவும்

நெசவாளருக்கும் விவசாயிக்கும் உடலுழைப்பே முதற்பெரும் மூலதனமாகும். தறியில் இரு கைகளும் இரு கால்களும் ஒத்து இயங்கினாலன்றித் துணி வளராது. ஏர்த்தொழிலும் அத்தகையதே. ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழந்துவிடின், அந்தக் குடும்பத்தின் வருவாய் அன்றே நின்றுவிடும். இந்நிலையைச் சில நிமிடங்களில் உண்டாக்கவல்ல நோய், பக்கவாதம் எனப்படும் பாரிசவாயு. அதற்குரிய காரணங்களுள் தலையாயது இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் உயர் இரத்த அழுத்தமாகும். இதனைக் கட்டுப்படுத்த இயலும் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

இருதயம் சுருங்கும்போது இரத்தக் குழாய்களில் ஏற்படும் அழுத்தம் மேல் எண்ணாகவும், விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண்ணாகவும் குறிக்கப்படுகின்றன. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் அது உயர் அழுத்தமாகும். பல ஆண்டுகள் இவ்வழுத்தத்தைத் தாங்கும் குழாய்கள் தடித்து, இறுகி, குறுகிவிடுகின்றன. மூளையில் அத்தகைய குழாய் ஒன்று அடைபட்டாலும் வெடித்தாலும் பாரிசவாயு நேரிடுகிறது.

இந்நோயின் பெருந்தீமை யாதெனில், அது பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலியும் மயக்கமும் இல்லாமையால் தமக்கு அழுத்தம் இல்லை என்று கொள்வது தவறு. அளந்து பார்ப்பதொன்றே வழி. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் சாய்ந்து அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். கை இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்.

தக்க மருந்து இல்லாத காலத்தில் நாடாளும் தலைவர்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கடுமையான இரத்த அழுத்தத்தால் வருந்தி, 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து தமது 63-ஆம் வயதில் காலமானார். பின்னர் நிலைமை மாறியது. அந்நாட்டில் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1967-இல் வெளிவந்தது. மருந்து பெறாத 70 பேரில் 27 பேருக்குக் கொடிய விளைவுகள் ஏற்பட்டன. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. முதுமையில் அழுத்தம் உயர்வது இயல்புதானே என்று வாளாவிருப்போரும் உளர். 60 வயதைக் கடந்தவர்களுக்கு மேல் எண்ணைக் குறைத்ததனால் பாரிசவாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை 1991-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி மெய்ப்பித்தது.

ஆயினும் நம்மவரில் பலர், சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டு, எண் சீரானதும் நிறுத்திவிடுகின்றனர். இது ஆபத்தானது. எண் சீரானது மருந்தின் பயனே. மருந்து நின்றால் அழுத்தம் பெரும்பாலும் மீண்டும் ஏறிவிடும். பாவின் விறைப்பு மிகுந்தால் இழை அறும் என்பதை நெசவாளர் அறிவர். அதனை ஒரு நாள் சரிசெய்துவிட்டு மறந்துவிடுவாரா? மாத்திரையும் அவ்வாறே நாள்தோறும் தொடர வேண்டியது. மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. பண்டிகைக்கால அவசர வேலையிலும் அறுவடைக் காலத்திலும் வேளை தவறலாகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

உணவிலும் கருத்து வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்கள் தினமும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது நலம். புகையிலையும் மதுவும் அறவே விலக்கத்தக்கவை.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குழாய் அடைப்பாயின், அதனைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ஆகவே, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக் கொள்க. நோயாளிக்கு நீரோ உணவோ மாத்திரையோ வாய்வழி கொடுத்தலாகாது. புரையேறும் அபாயம் உண்டு.

நமது சங்கங்கள் இதில் ஒரு நற்பணி ஆற்றலாம். கூலி வழங்கும் நாளிலோ பொதுக்கூட்ட நாளிலோ சுகாதார ஊழியர்களை அழைத்து, அங்கத்தினர் அனைவருக்கும் அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்யலாம். கடன் தவணையைத் தவறாமல் செலுத்துவதில் காட்டும் ஒழுங்கை மாத்திரையிலும் காட்டுவோமாயின், பல குடும்பங்களில் தறி நிற்காது, கழனியும் தரிசாகாது.