தடைசெய்யப்பட்ட குடிப்பெயர்: மெக்ரெகர் என்னும் பெயரின் வரலாறு

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குடிகளுள் மெக்ரெகர் குடியும் ஒன்று. தம் குடிப்பெயரைத் தாங்குவதே மரண தண்டனைக்குரிய குற்றம் என விதிக்கப்பட்ட வரலாறு இக்குடிக்கு உண்டு. இப்பெயரின் பிறப்பையும் அதற்கு நேர்ந்த தடையையும் ஒருங்கே நோக்குவது, பழைய ஆவணங்களை ஆராய்வோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இன்றியமையாததாகும்.

குடியைச் சுட்டும் ‘கிளான்’ என்னும் சொல் கேலிக் மொழியில் ‘பிள்ளைகள்’ எனப் பொருள்படும். முளையைக் குறிக்கும் ‘பிளாந்தா’ என்னும் இலத்தீன் சொல்லே இவ்வாறு திரிந்தது. கேலிக்கின் முன்னை வடிவில் பகர ஒலி இன்மையால், முதலெழுத்து ககரமாயிற்று. தமிழில் ‘குலக்கொழுந்து’ என வழங்குவது இப்பொருள் வளர்ச்சியை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

‘மாக்’ என்பது மகனைக் குறிப்பது. ஓகம் எழுத்துக் கல்வெட்டுகளில் இதன் வேற்றுமை வடிவம் ‘மக்கி’ எனக் காணப்படுகின்றது. வெல்ஷ் மொழியில் இதற்கு இனமான சொல் ‘மாப்’ ஆகும். ஆகவே, தமிழ் ‘மக’ என்பதனோடு இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானதே. பெண்டிர் பெயரில் ‘மாக்’ வாராது; ‘மகனின் மகள்’ என்னும் தொடர் குறுகிய ‘நிக்’ என்பதே வரும். ‘கிரெகர்’ என்பதோ, ‘விழிப்புடையோன்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரின் வழிவந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டு மன்னன் அல்பினின் மரபினர் தாம் என்பது இக்குடியினரின் நம்பிக்கை. எனினும் 14ஆம் நூற்றாண்டு முதலே இவர்தம் வரலாறு தெளிவுபடுகின்றது. கிளன் ஆர்க்கி முதலான இவர்தம் பள்ளத்தாக்குகளின் உரிமை அரச பட்டயங்கள் வாயிலாகக் கேம்பல் குடியினரைச் சேர்ந்தது. நிலமிழந்தோர் பூசலில் இறங்கினர். 1603 பெப்ரவரியில் கிளன் ஃப்ரூயினில் கொல்ஹூன் குடியினர் பலரை மெக்ரெகர் குடியினர் கொன்றனர். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிவி கவுன்சில் இப்பெயரையே ஒழித்து ஆணையிட்டது. குடித்தலைவர் அலஸ்டர் 1604 சனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். 1661இல் நீக்கப்பட்ட தடை 1693இல் மீண்டும் விதிக்கப்பட்டு, 1774இல்தான் முற்றாக அகன்றது.

இடைப்பட்ட காலத்தில் இக்குடியினர் மரே, டிரம்மண்ட், கேம்பல் முதலான பெயர்களைப் பூண்டனர். புகழ்பெற்ற ராப் ராய் (1671–1734) தம் தாயின் குடிப்பெயராகிய கேம்பலை வழங்கினார். அவர் பெயரிலுள்ள ‘ராய்’ குடிப்பெயரன்று. செந்நிற முடியைச் சுட்டும் கேலிக் அடைமொழியாகும். வங்காளப் பெயரான ‘ராய்’ என்பதனோடு இதனை மயங்கலாகாது.

எனவே, அக்கால ஆவணமொன்றில் ‘கேம்பல்’ எனக் காணும் மொழிபெயர்ப்பாளர், அவர் கேம்பல் குடியினரே என உடனே துணிதல் பொருந்தாது. மூலத்திலுள்ள பெயரை மாற்றாது அவ்வாறே தருதல் வேண்டும். பிறசான்றுகளால் உண்மைக் குடி தெளிவாகுமாயின் அதனை அடிக்குறிப்பில் விளக்குதல் வேண்டும். ஆவணத்தில் எழுதப்பட்ட பெயர் சட்டத்திற்கு அஞ்சிப் பூண்டதாகவும் இருக்கலாம். அவ்வச்சமும் மொழிபெயர்ப்பில் புலப்பட வேண்டிய பொருளேயாகும்.