கைமாறி வரும் நாலு சக்கர வண்டி

அமெரிக்க தேசத்தில் "நாலு சக்கரம்" என்றால் எப்போதும் மோட்டார் கார் என்று எண்ணிவிடக் கூடாது. குதிரைமேல் அமர்வதுபோல் காலைப் பரப்பி உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பிக் காட்டுப் பாதைகளில் உல்லாசமாகச் செலுத்தும் வண்டிக்கும் அதுவே பெயர். மேற்கு வர்ஜீனியா மலைகளில் 2000-ம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்ட்-மக்காய் தடங்களில் இவற்றைத் திரளாகக் காணலாம்.

புதியதன் விலைக்கு அஞ்சிப் பழையதைத் தேடுவோர் பலர். தேடுவதில் பிழையில்லை, வர்ணப் பூச்சில் மயங்குவதுதான் அபாயம். விற்பவர் முன்னதாகவே யந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆறிய யந்திரந்தான் கிளம்பும்போது உண்மையைச் சொல்லும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே ஜலம் புகுந்திருக்கலாம். வண்டி எந்த ஆற்றில் ஸ்நானம் செய்ததோ! காற்று வடிகட்டிக்கு அப்பால் புழுதி படிந்திருந்தால் சிலிண்டரும் தேய்ந்திருக்கக் கூடும். சட்டத்தில் பொறித்த எண் பத்திரத்து எண்ணுடன் ஒவ்வாவிட்டால், பேரம் பேசாமல் திரும்பிவிடுவதே உத்தமம்.

மலிவு என்று பழைய மூன்று சக்கர வண்டியை வாங்குவோரும் உண்டு. விபத்துக்கள் மலிந்ததால், 1988-ல் அரசாங்கத்துடன் செய்த உடன்பாட்டின்படி கம்பெனிகள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின.

வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைத் தொளதொளவென்று தைப்பது நம் வழக்கம். வண்டியில் அந்தச் சிக்கனம் ஆகாது. பதினாறு வயது நிரம்பாதவர்களுக்குப் பெரியவர்கள் வண்டி ஏற்றதன்று. நீண்ட ஆசனத்தைக் கண்டு பின்னால் ஒருவரை ஏற்றுவதும் தகாது. மேட்டிலும் பள்ளத்திலும் செலுத்துபவர் முன்னும் பின்னும் நகர்ந்து பாரத்தைச் சமன் செய்யவே அந்த நீளம்.